முதல் துரையின் வீட்டுக்குக் கிளிப்பச்சைப் பெயின்ட்

நமுனுகுல மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தை முதன்முதலில் வெட்டித் திறந்த வெள்ளைக்காரத் துரை, கல் பங்களா எழும்பும்வரை ஒரு மரவீட்டில் இருந்தாராம். என் சிறுவயதில் அந்த வீட்டில் நாங்கள் இருந்தோம். மண்சரிவில் தொழிலாளர் வரிசைவீடான எங்கள் லயம் இடிந்தபோது, தற்காலிகமாக இருங்கள் என்று தோட்டத்தில் கொடுத்தார்கள். அந்தத் தற்காலிகத்தில் தங்கச்சி பிறந்து, தவழ்ந்து, ஓடவும் தொடங்கிவிட்டாள்.

எனக்கு அந்த வீட்டின் மேல் அப்படியொரு பெருமை. பலகைச் சுவரில் துரை காலத்து உளித்தடம் விரலுக்குத் தட்டுப்படும். பதுளையிலிருந்து ஓர் அதிகாரி வந்து அதைத் தடவிப் பார்த்து, "இது பெரிய பொக்கிஷம், பாதுகாக்கணும்" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அப்பாவோ பேயறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார். வீடு இனிச் சுற்றுலாக்காரர்கள் பார்ப்பதற்காம். எங்களுக்குத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயத்தில் ஒற்றைக் காம்பரா தருவார்களாம். பார்த்துவிட்டுப் போகட்டுமே, இருக்கிற வீட்டோடு ஓர் அறையும் கிடைக்கிறதே என்றுதான் எனக்குப் பட்டது.

பெரிய அதிகாரிகள் முடிவெடுக்க வருவதற்கு முந்தைய ஞாயிறு, அம்மாவின் தம்பியான மாமா பண்டாரவளையிலிருந்து பெயின்ட் வாளிகளோடும் கூட்டாளிகளோடும் வந்து இறங்கினார். நாங்கள் பூசை முடிந்து திரும்புவதற்குள் வீட்டின் முன்பக்கம் முழுவதும் கிளிப்பச்சை.

வந்த பெரிய அதிகாரி வாசலிலேயே தலையில் கை வைத்தார். "யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

மாமா கைகட்டி நின்றார். "பெரியவங்க வந்தா சுண்ணாம்பு அடிச்சு வைக்கிறதுதானுங்க தோட்டத்துப் பழக்கம். நீங்க ரொம்பப் பெரியவங்க, அதான் பெயின்டாவே அடிச்சிட்டேனுங்க."

அது பொய்யில்லை. தோட்டத்தை நடத்தும் துரைக்கு மேலானவர் யாரும் வருகிறார் என்றால் ரோட்டோரக் கல்லுக்குக்கூட வெள்ளையடிப்பார்கள். அம்மா அத்தனை பேர் முன்னாலும், "அறிவு கெட்டவனே, எல்லாத்தையும் கெடுத்துட்டியேடா!" என்று மாமாவைத் திட்டித் தீர்த்தாள். இனி இதில் பார்க்க ஒன்றுமில்லை என்று வந்தவர்கள் எல்ல ஊர்ப் பக்கம் வேறொரு பங்களாவைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நான் அழுதேன். உளித்தடம் போயிற்று, பொக்கிஷம் போயிற்று, வரவிருந்த காம்பராவும் போயிற்று. இத்தனைக்கும் காரணமான மாமாவுக்கு, அன்று மத்தியானம் அம்மா கோழிச்சட்டியைத் துழாவிப் பெரிய துண்டாகத் தேடி வைத்தாள். சற்று முன் திட்டிய அதே வாய், "இன்னுங் கொஞ்சம் சாப்பிடுடா" என்று கெஞ்சியது.

"கெடுத்த ஆளுக்கு எதுக்கு விருந்து?" என்று கேட்டு அப்பாவிடம் குட்டு வாங்கினேன். குட்டிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை அவர் எதற்காகச் சிரித்தார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.