வலது காலை எடுத்து வைத்து

பிசியோதெரபி படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் மலையகத்துக் கம்பளையில் பாதிப் பேர் "ஓ, மசாஜா?" என்பார்கள். மீதிப் பேர் நடுரோட்டில் நின்று முழங்காலை நீட்டிக் காட்டுவார்கள். இரண்டுக்குமே எனக்குக் கோபம் வரும். எனக்குச் சும்மாவே மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். வந்த வேகத்தில் போய்விடும். ஒன்று மட்டும் போகவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் வருடம் எங்களைக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில், எலும்பு முறிவு வார்டில் போட்டார்கள். எங்கள் குழுவில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்தி. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிற நோயாளிகள் எல்லாரும் என் தலையில்தான் விழுந்தார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வார்டில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மூத்த பிசியோதெரபிஸ்ட்டும் தமிழ்தான், யாழ்ப்பாணத்துக்காரர். மிஸ் என்று கூப்பிடுவோம். தொழிலில் கெட்டிக்காரி, பொய் சொல்லக் கூடாது. மாதக்கணக்காக மடங்காத முழங்கால் அவர் தொட்டால் மடங்கும். வாயைத் திறந்தால்தான் வில்லங்கம். தோட்டத்து ஆள் யாராவது வந்தால், "நீர் போய்ச் சொல்லும், உம்மட ஆக்கள்தானே" என்பார். உம்மட ஆக்களாம்! இவர் மட்டும் எந்தச் சீமையிலிருந்து வந்தாரோ.

அப்படி வந்தவர்களில் ஒரு அம்மா, கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவர். மழை நாளில் மலையில் கொழுந்து எடுக்கும்போது சறுக்கி விழுந்து வலது இடுப்பு எலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் செய்து உள்ளே உலோகம் வைத்திருந்தார்கள். கட்டிலை விட்டு எழுப்பி, வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக்கும் வேலை எனக்கு. நன்றாகவே நடந்தார். வராந்தாவில் நடந்து காட்டினால் ஆயிற்றா? அவருடைய லைன் காம்பரா, தோட்டத்து வரிசை வீடு, பள்ளத்திலிருந்து படி ஏறிப் போகிற இடம். கக்கூஸ் கீழே. படி ஏறத் தெரியாமல் வீட்டுக்குப் போனால், ஆயுசுக்கும் அறைக்குள் கிடக்க வேண்டியதுதான்.

படி ஏறுவதற்கு எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முறிந்த கால் முதலில். ஏறும்போது முதலில் வைக்கிற கால்தான் உடம்பைத் தூக்கவேண்டும், முறிந்த காலுக்கு அந்தத் தெம்பு இருக்காது. அந்த அம்மாவுக்கு நல்ல கால் இடது. எங்கள் பயிற்சி அறையில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த மரப்படி ஒன்று இருந்தது. அதன் முன்னால் நிறுத்தி, "அம்மா, இடது கால முதல்ல வைங்க" என்றேன். தலையை ஆட்டினார். வலது காலை வைத்தார். மறுபடி சொன்னேன். மறுபடி தலையாட்டல், மறுபடி வலது கால். நான் குனிந்து இடது முழங்காலைத் தட்டிக் காட்டினேன். "சரிங்க பாப்பா" என்று சொல்லிவிட்டு வலது காலையே தூக்கினார்.

மிஸ் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "விடும். உந்த மனுசிக்குச் சொல்லு விளங்காது. ஏன் மினக்கெடுறீர்?" என்று சொல்லிவிட்டு, நோயாளிக்கு அறிவுரை புரியவில்லை என்று எழுதியும் வைத்துவிட்டார்.

மிஸ் போன பிறகு அந்த அம்மாவைக் கதிரையில் உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். "ஏம்மா, நான் சொல்றது வெளங்கலையா?" என்று கேட்டேன்.

"வெளங்காம என்ன பாப்பா? படின்னா வலது காலத்தானே எடுத்து வைக்கணும். இடது கால வச்சுப் போனா வெளங்குமா?"

அடக் கடவுளே! இவ்வளவுதானா? கேட்டால் சொல்லியிருப்பாரே! எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. "இது வீடு இல்லம்மா, ஆஸ்பத்திரி. இங்க எந்தக் கால வச்சா என்ன?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். இங்க நல்லபடியா உள்ள வந்து யாருக்கு என்ன ஆகப்போவுது? வெளிய போனாச் சரி" என்று எழுந்து, இடது காலை வைத்து மரப்படியில் விறுவிறுவென்று ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். புரியாத மனுசியாம்!

அடுத்த நாள் வெளியே கல்படியில் ஏறும்போதும் இடது கால்தான். "வீட்டுக்குப் போற படியிலயும் இப்பிடித்தான் ஏறணும்" என்றேன். "ஏறுறேன் பாப்பா. ஆனா வீட்டு வாசப்படி மட்டும் வலதுதான். மருமக முழுகாம இருக்கு, ஏழு மாசம். நான் இடது கால வச்சு உள்ள போயி, அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?"

எங்கள் பாடத்தில் இதற்குப் பக்கம் இல்லை. ஆனால் வழி இருந்தது. வாசற்படியில் இரண்டு பேர் இரண்டு பக்கமும் அக்குளில் கை கொடுத்துப் பாரத்தைத் தாங்கினால், வலது காலைத் தாராளமாக முதலில் வைக்கலாம். பிடிக்கத் தெரிந்தவர்கள் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். அவருடைய மகனுக்குப் பல்லேகலையில் ஒரு ஃபேக்டரியில் வேலை. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. ஒரு கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வந்து பழகிக்கொள்வதாகப் போனில் சொன்னான்.

மிஸ்ஸிடம் போனேன். காரணத்தைச் சொல்லி, "ஞாயிறு வரைக்கும் வச்சிருக்கச் சொல்லி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ்" என்று கேட்டேன்.

மிஸ் சிரித்தார். "நாங்கள் படிப்பிக்கிறது பிசியோதெரபி. சாத்திரம் இல்லை. படி ஏறுறாதானே, அது காணும். வேற ஆக்களுக்குக் கட்டில் வேணுமாம்."

"வீட்டு வாசல்ல விழுந்துருவாங்க மிஸ்."

"அப்பிடி விழுந்தால் அது அவவின்ர மூடத்தனம்."

அதோடு விட்டாரா? அன்று பின்னேரம் மற்ற மாணவர்களுக்கு முன்னால் இதைச் சிங்களத்தில் ஒரு பகிடியாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என்னுடைய செய்முறை மதிப்பெண் மிஸ் கையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை விரிவுரை முடிந்து வார்டுக்கு ஓடினேன். அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். காலையிலேயே துண்டு வெட்டி, டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிவிட்டார்களாம். மகன் வேலையில் இருந்ததால், பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு வயசாளி த்ரீவீலரில் வந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

திங்கட்கிழமை நான் போனபோது அந்த அம்மா திரும்பி வந்திருந்தார். வைத்த உலோகத்துக்குக் கீழே எலும்பு பிளந்திருந்தது. முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரி "பட்ட காலுலதானே படும்" என்று உச்சுக் கொட்டினாள். நான் கையைப் பிடித்ததும் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். பள்ளத்துப் படி எல்லாம் இடது காலை வைத்துத்தான் ஏறினாராம், ஒன்றுகூடத் தப்பவில்லையாம். வாசலில் மருமகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஆலாத்தித் தட்டோடு நின்றாளாம். வயசாளி பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். பிடிக்க ஒரு கை இல்லை. வலது காலை எடுத்து வைத்தாராம்.

இன்னொரு ஆபரேஷன் செய்தாலும் இனி நடப்பது சந்தேகம் என்று டாக்டர்கள் கட்டிலருகிலேயே பேசினார்கள். பேசியது சிங்களத்தில். அந்த அம்மாவுக்குச் சிங்களம் நன்றாகவே புரியும்.

பிறகு மிஸ் வந்தார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் அப்பவே எழுதினனான். சொல்லு விளங்காத சனம்" என்றார்.

மதிப்பெண்ணாவது மண்ணாங்கட்டியாவது. "அவங்களுக்கு எல்லாம் வெளங்கிச்சு மிஸ்!" என்று கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பியது. "நீங்க கலியாணம் கட்டிப் புருஷன் வீட்டுக்குள்ள போனப்ப எந்தக் கால மிஸ் முதல்ல வச்சீங்க? சொல்லுங்க, எந்தக் கால வச்சீங்க?"

மிஸ்ஸின் முகம் சிவந்தது. எக்ஸ்ரேயை உறைக்குள் தள்ளிக்கொண்டு நின்றார். இன்னும் கேட்டிருப்பேன். கேட்க எனக்கு நிறைய இருந்தது. ஆனால் அந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சண்ட போடாத பாப்பா. ஒனக்குப் படிப்பு இருக்கு" என்றார். பிறகு, படுத்த படுக்கையிலேயே, இரண்டு கையையும் கூப்பி மிஸ்ஸைப் பார்த்தார். "எம்மேலதாங்கம்மா தப்பு. நீங்க படிச்சவங்க சொன்னதக் கேக்காம வச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

"பரவாயில்லை" என்று சொல்லி, மிஸ் அவரை மன்னித்தார்.