தட்டினால் மட்டும் எழும்பவும்

என் கால்கள் ஓரிடத்தில் தரித்ததில்லை. கணிதம் படித்தேன், பாடசாலையில் படிப்பித்தேன், அதை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கம்பியூட்டர் அறைக்குப் போனேன். ஓட்டை போட்ட அட்டைகளை அடுக்கி அந்தப் பெரிய இயந்திரத்துக்கு ஊட்டுவதுதான் வேலை. அறையைக் குளிராக வைத்திருப்பார்கள். வெளியே வெயிலில் நகரம் வெந்துகொண்டிருக்க, உள்ளே கம்பளிச் சட்டையோடு நான் உட்கார்ந்திருப்பேன். அந்தக் குளிர்தான் நான் பிறந்த மலையை ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்தி என்னை அங்கிருந்தும் கிளப்பியது. கண்டிக்கு வந்து சேர்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சட்டபீடம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் தன் வெளிவாரி மாணவர்களுக்குப் புதிய பாடம் ஒன்றைச் சேர்த்தது. சட்டமும் கம்பியூட்டரும். படிப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. சட்டம் தெரிந்தவர்களுக்குக் கம்பியூட்டர் தெரியாது. கம்பியூட்டர் தெரிந்தவர்கள் சனிக்கிழமை வகுப்புக்காகத் தேயிலை மலையிலிருக்கும் ஹட்டனுக்கு ரயிலேறச் சம்மதிக்க மாட்டார்கள். எனக்கோ ரயில் என்று சொன்னாலே போதும்.

வகுப்புக்குத் தேவாலயத்தின் பின்னாலிருந்த மண்டபத்தைப் பாதிரியார் இரவல் தந்திருந்தார். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த குட்டை வாங்குகள்தான் அங்கே இருந்தன. பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். உடைந்த கண்ணாடி வழியே பனிமூட்டம் உள்ளே வந்து, கொஞ்ச நேரம் பாடம் கேட்டுவிட்டு, அடுத்த ஜன்னலால் போய்விடும். மாணவர்கள் ஐந்து பேர். பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்கள்.

எங்களிடம் கம்பியூட்டர் கிடையாது. ஒரு சஞ்சிகையிலிருந்து வெட்டியெடுத்த படமும் என் சட்டைப்பைக் கல்குலேட்டரும் இருந்தன. முதல் நாள் அந்தக் கல்குலேட்டர் திருநீற்றுத் தட்டு மாதிரி கைமாறிக் கைமாறிப் போனது. அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தவர், சட்டத்தரணி ஒருவரிடம் பல வருடமாகக் கிளாக்கராக இருந்த மனிதர். நீதிமன்ற வராந்தாவிலேயே நரை கண்டவர்.

"இது பொய் சொன்னா கூண்டுல யார ஏத்துறதுங்க, சேர்?" என்று கேட்டார்.

நான் ஒரு தவணை முழுக்க எழுப்ப எண்ணியிருந்த கேள்வி அது. முதல் நாளே அவர் எழுப்பிவிட்டார். இனி அந்தக் கேள்வியைச் சுற்றி நடப்பதுதான் எனக்கு மிச்சம்.

ஐவரில் ஒருவர் பெண். றொசல்லவுக்குக் கீழே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பிக்க வந்தவர். எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள், நானும்தான். கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவர். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் காலை ரயிலில் ஹட்டனுக்கு வருவார். பின்னேர ரயிலைத் தவறவிட முடியாது. வகுப்பில் அதிகம் பேசமாட்டார். பேசினால் எழுந்து நின்றுதான் பேசுவார். வேண்டாம், இருந்தே பேசுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனேன்.

அந்த வருடத்தின் நடுவில் பீடத்திலிருந்து செய்தி வந்தது. ஐந்து பேருக்காக ஹட்டனில் ஒரு வகுப்பா, அதுவும் கம்பியூட்டரே இல்லாமல் கம்பியூட்டர் பாடமா என்று கேட்கிறார்கள். கண்டியில் சனியும் ஞாயிறுமாகச் சேர்த்து நடத்துவதாக யோசனை. மூத்த பேராசிரியர் ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். நான் இதை வகுப்பில் வாசித்தபோது மற்றவர்கள் ரயில் நேரம் பற்றியும் தங்குமிடம் பற்றியும் பேசத் தொடங்கினார்கள். டீச்சர் மட்டும் எழுந்து நின்றார்.

"கண்டின்னா ராத்தங்கணுங்க. வீட்டுல விடமாட்டாங்க. நான் படிப்ப விட்டுருவேன், சேர்."

குரலில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. மழை வரப்போகிறது என்று சொல்வதுபோல் சொன்னார். ஏற்கெனவே இரண்டு வருடப் பரீட்சைகளை எழுதித் தேறியவர். இந்தப் பாடம் இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

அன்று மாலை திரும்புகையில் ரயில் வட்டவளைப் பக்கம் ஊர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்மலையில் ஒரு லயம். வரிசையாக ஒற்றையறைக் காம்பராக்கள். சிலவற்றில் குப்பி விளக்கு ஏற்றியிருந்தார்கள், சிலவற்றில் இன்னும் இல்லை. எரிவது, எரியாதது, எரியாதது, எரிவது. ஜன்னலில் நெற்றியை முட்டுக்கொடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொழும்பின் அந்தக் குளிரறை இயந்திரத்துக்குள்ளும் இதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. ஒரு மலைப்பக்கம் முழுக்க விளக்குகள். எரிவது ஒன்று, எரியாதது சைபர்.

அடுத்த சனிக்கிழமை ஒரு நீள வாங்கில் நான்கு பேரை வரிசையாக உட்காரவைத்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பெறுமதி. தொழிற்சங்க அலுவலகத்தில் வேலை பார்த்த நெடிய மனிதர் எட்டு. டீச்சர் நான்கு. தபால் கந்தோர் இளைஞர் இரண்டு. கினிகத்தேனையில் புடைவைக்கடை வைத்திருந்தவர் ஒன்று. நிற்பவர்களின் பெறுமதியைக் கூட்டினால் அதுதான் விடை. எட்டும் ஒன்றும் நின்றால் ஒன்பது. கிளாக்கர் கோடு போடும் மர அடிமட்டத்தோடு பின்னால் நின்று, யாருடைய தோளைத் தட்ட வேண்டுமோ தட்டுவார், பிறகு விடையை உரக்க வாசிப்பார். கரும்பலகையில் கட்டளையை எழுதிவைத்தேன். தட்டினால் மட்டும் எழும்பவும். மறுபடி தட்டினால் மட்டும் இருக்கவும்.

வகுப்பு முழுக்கச் சிரிப்புத்தான். புடைவைக்கடைக்காரர், நானும் எல்லோரையும்போலப் பரீட்சை எழுதித்தானே வந்தேன், எனக்கு மட்டும் ஏன் ஒன்று என்று கோபித்துக்கொண்டார். சங்கத்துக்காரர் வாங்கிலிருந்து எழுவதும் இருப்பதுமாக மூச்சு வாங்கினார். தோட்டத்தில் விடிகாலையில் ஆளெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தன்னையே கேலி செய்துகொண்டார். ஆனால் இரண்டு மூன்று வாரங்களில் இயந்திரம் சுத்தமாக ஓடியது. அதற்கு ஒரு வழக்கும் கட்டினோம். கற்பனையான ஓர் ஆஸ்பத்திரி. நோயாளிக்கு எத்தனை துளி மருந்து என்பதை இயந்திரம் சொல்லும். இயந்திரம் பிழையாகச் சொன்னால் யார் பொறுப்பு? விற்றவரா, வாங்கியவரா, கட்டளை எழுதியவரா, துளியை ஊற்றியவரா? துளிக் கணக்கை வழக்குக்குள் கொண்டுவந்தது டீச்சர்தான். வீட்டில் அந்தப் பேச்சு அன்றாடம் நடப்பது.

பேராசிரியர் வரும் நாளில் மூட்டம் தரைவரை இறங்கியிருந்தது. ரயில் தாமதம். அவர் உள்ளே வரும்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், விளக்கம் பிறகு சொல்லலாம் என்று நான் ஏற்பாடு செய்திருந்தேன். கிளாக்கர் தட்டினார். எட்டு நின்றது. ஒன்றும் நின்றது. டீச்சரும் தபால் இளைஞரும் இருந்தார்கள். ஒன்பது துளி.

கதவு திறந்தது. நனைந்த கோட்டும் குடையுமாக ஒரு சின்ன உருவம், வெள்ளைத் தலை.

டீச்சர் எழுந்துவிட்டார். அவர் எழுந்ததைப் பார்த்து இளைஞரும் எழுந்தார். கிளாக்கருக்குத் தன் வேலை விடையை வாசிப்பது. அதை அவர் செய்தார்.

"பதினஞ்சுங்க."

பேராசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில், "இருங்கோ, இருங்கோ" என்று கையைக் காட்டினார். பெரியவர் இருக்கச் சொன்னால் இருக்க வேண்டுமே. நான்கு பேரும் ஒருசேர இருந்தார்கள்.

"இப்ப சைபர்ங்க" என்றார் கிளாக்கர்.

டீச்சர் அப்போதுதான் கரும்பலகையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியதை நான் கண்டேன். கண்டியும், ராத்தங்கலும், விடாத வீடும் எல்லாம் அந்த முகத்தில் வரிசையாகத் தெரிந்தன.

நான் விளக்கினேன். வாங்கு, பெறுமதி, துளிகள், வழக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியர் கோட்டைக் கழற்றி உதறிக்கொண்டே கேட்டார். பிறகு கரும்பலகையை வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"அப்ப ஒன்பது துளி எழுதின வருத்தக்காரனுக்குப் பதினைஞ்சைக் குடுத்துப் போட்டு, பிறகு ஒண்டுமே குடுக்காமல் விட்டிருக்கிறியள்" என்றார். "சரி. வழக்கு வந்திட்டுது. ஆர் பொறுப்பு?"

கிளாக்கர், தன் அடிமட்டம் யாரையும் தொடவில்லை என்பதைச் சாட்சியம்போலச் சொன்னார். சங்கத்துக்காரர், அழைக்காமல் உள்ளே வந்தவர்களையும் விசாரிக்க வேண்டும் என்று மெல்ல இழுத்தார். பேராசிரியர் அதைக் கேட்டுப் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.  டீச்சர் எழுந்தார். வழக்கம்போல நின்றுகொண்டுதான் பேசினார்.

"தட்டுனா மட்டும் எந்திரிக்கணும்னு சேர் எழுதுனாருங்க. நாங்களும் ஒத்துக்கிட்டோம். ஆனா எங்களுக்குள்ள அதுக்கு முந்தியே ஒண்ணு எழுதியிருக்குங்க. தோட்டத்துத் தொர வந்தா எந்திரி. வேல வாங்குற கண்டாக்கு வந்தா ஒதுங்கி நில்லு. எப்ப எழுதுனாங்கன்னு எங்களுக்கே தெரியாது. மெஷினுக்குத் தனக்குள்ள என்னா எழுதியிருக்குன்னு தெரியாதுங்க. ரெண்டும் மோதுனா பழசுதான் முந்துது. மெஷின் மேல தப்பு இல்ல. பழசு இருக்கான்னு பாக்காம அதுக்கு மேல புதுச எழுதுனவங்கதான் பொறுப்பு."

"அப்ப குற்றவாளி உங்கட சேர்."

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. "ஆமாங்க" என்றார்.

"அப்பீல் இருக்குங்க, சேர்" என்று கிளாக்கர் என் காதில் சொன்னார்.

எனக்கு அப்பீல் தேவைப்படவில்லை. ஓட்டை போட்ட அட்டைகளோடு நான் கழித்த காலத்தில் எவரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. எந்த இயந்திரமும் வெறுமையாக வருவதில்லை. நாம் எழுதத் தொடங்குவதற்கு முன்பே அதற்குள் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் அந்த மலையின் பிள்ளைதான். அப்படியிருந்தும் அந்த வாங்கில் யார் யாரை உட்காரவைக்கிறேன் என்று நினைத்துப் பார்க்காமல் கரும்பலகையை நிரப்பியிருந்தேன்.

பேராசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். "பழசை அழிக்க ஏலுமோ?" என்று டீச்சரிடம் கேட்டார்.

"அழியுமான்னு தெரியலீங்க. மேல ஒண்ணு எழுதிப் பாக்கலாம்."

"அப்ப எழுதுங்கோ" என்று குடையை எடுத்துக்கொண்டு அவர் வெளியே மழைக்குள் போய், கதவையும் சாத்தினார்.

டீச்சர் போய்க் கரும்பலகையில் என் கட்டளைக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார். யார் வந்தாலும். சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு வந்து தன் இடத்தில் இருந்தார். கிளாக்கர் தட்டினார். எட்டு நின்றது, ஒன்று நின்றது. ஒன்பது.

கதவு திறந்தது. முன்னைப்போலவே கோட்டும் குடையும் வெள்ளைத் தலையும். ஆனால் இந்த முறை அவர் மெதுவாக நடந்தார். சப்பாத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு துரை தன் மலையைப் பார்வையிடுவதுபோல வாங்கின் முன்னால் வந்து நின்றார். டீச்சருடைய இரண்டு கைகளும் வாங்கின் விளிம்பைப் பிடித்திருந்தன. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. உடம்பு ஒருமுறை முன்னால் வந்தது. நின்றது. மறுபடி பின்னால் போனது.  கண்களைத் தாழ்த்தாமல் நேரே வைத்திருந்தார். இருந்தார். இருந்துகொண்டே இருந்தார்.

"ஒம்பதுங்க" என்றார் கிளாக்கர். 

பேராசிரியர் குட்டை வாங்கொன்றில் முழங்கால் நெஞ்சுக்கு வர உட்கார்ந்து, பாதிரியார் வீட்டிலிருந்து வந்த பிளேன்டீயைக் குடித்தார். மற்றைய பாடங்களைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார். கிளம்பும்போது, கம்பியூட்டர் அனுப்பப் பீடத்தில் வசதியில்லை, வகுப்பு இங்கேயே நடக்கட்டும், பரீட்சையும் இங்கேயே என்று சொன்னார். டீச்சர் அன்று சொன்னதுபோல, மழையைப் பற்றிச் சொல்லும் அதே தொனியில்தான் அவரும் சொன்னார்.

பின்னேர ரயிலில் எல்லோரும் ஒரே பெட்டி. டீச்சர் என்னிடம், அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல வரலாமா என்று மட்டும் கேட்டார். வரலாம் என்றேன். றொசல்லவில் இறங்கினார். மேடையில் அவர் கணவர் குடையின் கீழ் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார். டீச்சர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்ள, இருவரும் தேயிலைக்குள் இறங்கும் பாதையில் போய் மறைந்தார்கள். பேராசிரியர் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் விளக்குகள் ஒன்றொன்றாக வந்துகொண்டிருந்தன. என்ன எண் என்று வாசிக்கப் பார்த்தேன். ரயில் வளைந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். கிளாக்கர், சங்கத்துக்காரர், புடைவைக்கடைக்காரர், தபால் இளைஞர். டீச்சர் மட்டும் எழும்பாமல் இருந்தார். என்னை நேரே பார்த்தார். ஒரு கணம் யோசிப்பது தெரிந்தது. பிறகு, விரும்பிய ஒரு காரியத்தைச் செய்பவர்போல, நிதானமாக எழுந்து நின்றார்.