போகலாம், வரத்தான் ஏலாது

எங்கள் வீட்டுக்குள் ஸ்பானிய மொழி குசினி வழியாகத்தான் வந்தது. சிட்னியின் லிட்கமில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பிளாட்டில் படிப்பதற்கென்று தனி மேசை கிடையாது. மகள் பல்கலைக்கழகப் பாடங்களைச் சாப்பாட்டு மேசையில்தான் விரிப்பாள். அன்று புதிதாக எடுத்திருந்த ஸ்பானியப் பாடத்தின் முதல் சொற்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மேசா,” என்றாள் மகள்.

“மேசைக்கு என்ன?” என்றாள் மனைவி.

“கொசீனா.”

“குசினிக்குள்ளதானே நிக்கிறன். என்ன வேணும்?”

“சப்பாத்தோ.”

“சப்பாத்தை வாசலில கழட்டிப்போட்டு வா எண்டு எத்தினை தரம் சொல்லுறது உனக்கு?”

மகள் புத்தகத்தை மூடிவிட்டுத் தாயைப் பார்த்தாள். பிறகு மறுபடி திறந்து, விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். துவாய் அங்கே தொவாயா. கோப்பை அங்கே கோப்பா. பாண் அங்கேயும் பான்தான். போத்துக்கேயர் எங்கள் தீவில் விட்டுப்போன சொற்கள் இவை, ஸ்பானிய மொழி அவர்களுடைய மொழிக்குத் தங்கை போன்றது என்று நான் விளக்கம் சொன்னேன். மனைவி கத்தியைக் கழுவி வைத்தாள்.

“கோயிலை இடிச்சான், கோட்டையைக் கட்டினான். இப்ப என்ர பிள்ளைக்கு ரியூசனும் குடுக்கிறான்.”

மகள் சிரித்தாள். அவள் எங்களோடு தமிழில் நீளமாகப் பேசுவதை நிறுத்திப் பல வருடங்களாகியிருந்தன. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் யாரோ ‘குசினி’ என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்த நாளிலிருந்து அது அவள் வாயில் ‘கிச்சன்’ ஆகியிருந்தது. அந்தச் சொற்களை இப்போது அவளே எங்களிடம் கேட்டு வாங்கினாள். வேலைக்குப் போகும் ரயிலில்கூட நான் யோசித்துக்கொண்டு போவேன், இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று. அலுமாரி நினைவுக்கு வந்த அன்று வேலை முடியும்வரை பொறுக்க முடியாமல் இடைவேளையிலேயே அவளுக்குச் செய்தி அனுப்பினேன். ‘அர்மாரியோ!’ என்று பதில் வந்தது.

பள்ளிக்கூடத்தில் ‘குசினி’யைக் கேட்டுச் சிரித்தது யார் என்று பிறகுதான் தெரிந்தது. ஹோம்புஷில் இருக்கும் அவளுடைய சிநேகிதிதான். கோயம்புத்தூர்க் குடும்பம். தகப்பன் கணினி வேலைக்காக வந்தவர். சின்ன வயதிலிருந்து இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், பல்கலைக்கழகத்திலும் ஒரே வகுப்பு. இரண்டு பிள்ளைகளும் இந்த நாட்டுக்கு ஒரே வருடத்தில் வந்தவர்கள். ஒருத்தி விமானத்தில் வந்தாள், ஒருத்தி படகில் வந்தாள். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படிக்கும்போது அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

சிநேகிதி சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குப் படிக்க வரத் தொடங்கினாள்.

“ஆன்ட்டி, எங்க வீட்ல கிச்சன், டவல், பிரெட், ஷூ. எல்லாமே இங்கிலீஷ். எனக்கு ஒண்ணுமே மாட்ட மாட்டேங்குது.”

“அதுக்கு நாங்கள் என்ன பிள்ளை செய்யிறது? உங்களை ஒருத்தன்தானே பிடிச்சவன். எங்களை மூண்டு பேர் மாறி மாறிப் பிடிச்சவங்கள்,” என்றாள் மனைவி.

நானும் என் பங்குக்கு, “கதிரையும் அவங்கட சொல்தான். கதேரா எண்டு இருக்கும், பாருங்கோ,” என்றேன்.

“ஐயோ அப்பா,” என்று மகள் தலையில் கை வைத்தாள். “கதேரா எண்டா இடுப்பு. கதிரைக்கு அங்க வேற சொல். ஸீயா.”

சிநேகிதி எழுந்து தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தட்டிக் காட்டினாள். “அப்போ இவ்வளவு நேரம் நான் அங்கிளோட இடுப்பு மேலயா உக்காந்திருந்தேன்?” அதற்குப் பிறகு அவள் வரும் சனிக்கிழமையெல்லாம், “அங்கிள், இடுப்பை எடுத்துப் போடுங்க,” என்பாள். நான் கதிரையை எடுத்துப் போடுவேன்.

அடுத்த வருடம் அந்தச் செய்தி வந்தது. ஸ்பெயினின் தெற்கில் ஒரு பல்கலைக்கழகம் மகளுடைய பல்கலைக்கழகத்தோடு உடன்பாடு செய்திருந்தது. வகுப்பில் ஒருவரை அரையாண்டு அங்கே படிக்க எடுப்பார்கள். மகள் விண்ணப்பித்தாள். நான் அவளைத் தனியாக அழைத்து, “எங்கட விசா அப்பிடி. யோசிச்சுத்தான் செய்யிறியோ?” என்று கேட்டேன்.

“கேட்டனான் அப்பா. விசாவை யூனி ஒஃபிஸ் பாத்துக்கொள்ளுமாம். வேற பிள்ளையளுக்கும் செய்து குடுத்தவையாம்.”

அதைச் சொன்ன அலுவலகப் பெண்மணி நல்லவர். பொய் சொல்லவில்லை. விசா என்று அவர் சொன்னது ஸ்பெயினுக்குள் நுழையும் விசாவை. எங்கள் வீட்டில் விசா என்றால் அது ஒன்றைத்தான் குறிக்கும், சிட்னியில் இருப்பதற்கான அனுமதி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் வேறு வேறு பொருளைப் பேசியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

இடம் மகளுக்குத்தான் கிடைத்தது. அவள் வர முடியாமல் போனால் சிநேகிதி என்று இரண்டாம் பெயரும் குறித்திருந்தார்கள். அலுவலகத்தில் மகளைப் புத்தகங்களோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். ‘உங்கள் பட்டம் உங்களை எங்கே அழைத்துச் செல்லும்?’ என்ற கேள்விக்குக் கீழே அந்தப் படம் சுவரொட்டியாக வந்தது. மனைவி அதைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “கழுத்தில ஒண்டும் போடாமல் நிக்கிறாள்,” என்று குறை சொன்னாள். பிறகு யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் சகோதரிக்கு அனுப்பினாள்.

அகதிகளுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் வழக்கறிஞரிடம் மூவரும் போனோம். நீண்ட காலமாக எங்களுக்கு விசாக் கடிதங்களையும் நீதிமன்றக் கடிதங்களையும் மொழிபெயர்ப்பவள் மகள்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தொடங்கியது. கடிதத்தைப் பார்த்து, “தரமாட்டினமாம்,” “இன்னும் பொறுக்கட்டாம்,” என்று சொல்வாள். அந்த ‘ஆம்’ எங்கள் வீட்டின் சட்டமொழி. சொல்வது நானில்லை, அவர்கள் என்பதற்கு அடையாளம்.

வழக்கறிஞர் இளைஞர். முன்னால் இருந்த தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே பேசினார். மகள் தலையாட்டியபடி கேட்டாள். இடையில் ஒரு கேள்வி கேட்டாள். அவர் பதில் சொல்லிவிட்டு, சொன்னதையே இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார். மகள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

“போகலாமாம். வரத்தான் ஏலாதாம்.”

வேறு யாருடைய கடிதத்தையோ வாசிப்பதுபோல அதைச் சொன்னாள். இந்த நாட்டை விட்டு வெளியே கால் வைத்ததும் எங்களுடைய இடைக்கால விசா செத்துவிடும், திரும்பி வர உரிமை கிடையாது. போவதற்கே முதலில் ஒரு பாஸ்போர்ட் வேண்டும், அதற்கு எந்த அரசிடமிருந்து தப்பி வந்தோமோ அந்த அரசின் தூதரகத்துக்குப் போய் நிற்க வேண்டும். இதையெல்லாம் ரயிலில் வரும்போது சொன்னாள். எனக்கு இவை தெரியாதவை அல்ல. தெரிந்த ஒன்றை அவள் வாயால் கேட்க நேர்ந்ததுதான் புதிது. மனைவி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். லிட்கம் வந்ததும் மகள்தான் முதலில் எழுந்து எங்கள் இருவருடைய பைகளையும் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை மருந்துக்கடையில் பகுதிநேர வேலைக்குப் புறப்பட்டவள் வாசலில் நின்று, “போறன்,” என்றாள்.

மனைவி குசினிக்குள்ளிருந்து பாய்ந்து வந்தாள். “என்ன கதை இது விடியக் காலமை? போட்டு வாறன் எண்டு சொல்லு.”

“சரியாத்தான் சொன்னனான் அம்மா. போகலாம் எண்டுதானே சொன்னவர்.”

“வாயில அடிப்பன்.”

“ட்ரெயின் வந்திடும்,” என்று சொல்லி இறங்கிவிட்டாள். எங்களில் யாரும் வெறும் ‘போறன்’ என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் புறப்படுவதில்லை. செத்த வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் போவார்கள். இது மகளுக்குத் தெரியாமல் இல்லை.

பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. வேண்டுமானால் ஸ்பெயின் பல்கலைக்கழகத்தின் வகுப்புகளைத் திரையில் பார்க்கலாம், அதற்கும் சான்றிதழ் தருவோம் என்று எழுதினார்கள். அந்தக் கடிதத்தை மட்டும் மகள் மொழிபெயர்க்கவில்லை. நான் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்துப் புரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை சிநேகிதி வந்தாள். புத்தகம் கொண்டு வரவில்லை. கதிரையில் உட்காராமல் வாசலோடு சாய்ந்து நின்றாள்.

“நீ போகலேன்னா நானும் போகலடி.”

“விசர்க்கதை கதையாதை. நீ போ.”

“போ எண்டு சொல்லாதை பிள்ளை,” என்றாள் மனைவி. “போட்டு வா எண்டு சொல்லு.”

“அவள் வருவாள் அம்மா,” என்றாள் மகள். “அவளுக்கு அதைச் சொல்லி விடத் தேவையில்லை.”

சிநேகிதி அழுதாள். மகள் அழவில்லை. உள்ளே போய், ஸ்பானியச் சொற்களை எழுதிப் பாடமாக்கிய தன்னுடைய அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு ரப்பர் வளையத்தால் கட்டிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

வழியனுப்பு விருந்து ஹோம்புஷில் ஒரு தோசைக் கடையில் நடந்தது. மகள் வேலை என்று சொல்லிவிட்டாள். நாங்கள் போகாமல் இருந்தால் பொறாமை என்று நினைப்பார்கள் என்று மனைவி சொன்னதால் நாங்கள் இருவரும் போனோம். பொறாமைதான். அதை மறைப்பதற்காகப் போனோம். சிநேகிதியின் தகப்பன் என் பக்கத்தில் உட்கார்ந்து சட்னியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“உங்களுக்கு இன்னும் பி.ஆர். வரலையா சார்?” என்றார். நிரந்தர வதிவிட அனுமதியைத் தபாலில் வரவேண்டிய பொதியைப்போலக் கேட்டார்.

“இல்லை.”

“வந்துடும் சார். அடுத்த வருஷம் உங்க பொண்ணும் போயிடலாம். இதெல்லாம் ஒரு எக்ஸ்பீரியன்ஸ்தானே, கொஞ்சம் லேட்டானா என்ன?”

“ஓம்,” என்றேன். கெட்ட மனிதர் அல்ல. அவருடைய நாட்டில் அலுவலகங்கள் தாமதிக்கும், மறுக்காது. அங்கே அடுத்த வருடம் என்று ஒன்று இருக்கிறது. சிநேகிதி எங்கள் இருவருடைய காலையும் தொட்டுக் கும்பிட்டு, “போயிட்டு வர்றேன் அங்கிள், போயிட்டு வர்றேன் ஆன்ட்டி,” என்றாள். நான் அவளை வாழ்த்தினேன். அந்த வாழ்த்தில் பாதி என்னுடைய பிள்ளையின் பங்கு என்று நினைத்துக்கொண்டே வாழ்த்தினேன்.

அவள் போய்ச் சில வாரங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அழைத்தாள். மகள் தொலைபேசியை மேசையில் சாய்த்து வைத்தாள்.

“அங்கிள் எங்க? அங்கிளைக் கூப்பிடு. அங்கிளாலதான் எல்லாம்!”

அவள் தங்கியிருந்த அறையில் ஒரு கதிரையின் கால் முறிந்துவிட்டது. வீட்டுக்காரக் கிழவியிடம் சொல்லப் போயிருக்கிறாள். ஸீயா என்ற சொல் அவசரத்துக்கு வாயில் வரவில்லை. வந்தது என்னுடைய கதிரை. “என் கதேரா உடைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன் அங்கிள். அந்தப் பாட்டி என்னை அப்படியே கட்டில்ல படுக்க வெச்சு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஆம்புலன்சுக்குப் போன் பண்ணப் போயிட்டாங்க. நான் எழுந்து நடந்து காட்டுறேன், நம்பவே மாட்டேங்கறாங்க!”

மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மகளும் சிரித்தாள். வழக்கறிஞரிடம் போய் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரிப்பு அடங்கியபோது, தொலைபேசிக்குப் பின்னால் கிழவி ஏதோ கேட்டாள். சிநேகிதி திரும்பி வேகமாகப் பதில் சொன்னாள். கிழவி மறுபடி கேட்டாள், இவளும் மறுபடி சொன்னாள். யோசிக்காமல் பேசினாள். மகள் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையால் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தாள்.

“என்னவாம்?” என்று மனைவி கேட்டாள்.

“தெரியேல்லை அம்மா. ஸ்பீடாக் கதைக்கினம்.”

அந்த அரையாண்டு முடியும்போது மகள் ஸ்பானியப் பாடத்தை விட்டுவிட்டுக் கணக்கியல் எடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “இஞ்ச வேலை கிடைக்கும்,” என்றாள். ‘இஞ்ச’ என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். சுவரொட்டி மட்டும் பல்கலைக்கழகத்து நடைபாதையில் அப்படியே இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போக வேண்டும் என்று ஒருமுறை சொன்னாள். கழற்றச் சொல்லிக் கேள் என்றேன். “கேக்கப்போனால் திரும்பவும் எல்லாத்தையும் விளங்கப்படுத்த வேணும்,” என்றாள்.

சிநேகிதி சொன்னபடி திரும்பி வந்தாள். கறுத்து, மெலிந்து, உரத்த குரலோடு வந்தாள். எங்களுக்கு ஒரு பீங்கான் ஓடு கொண்டுவந்திருந்தாள். வெள்ளையில் நீலப் பூக்கள், நடுவில் ஆங்கில எழுத்தில் ஒரு சொல். மனைவி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“கொ... சி... னா. எங்கட குசினிதானே!”

“ஆமா ஆன்ட்டி. கடையில பாத்ததும் நீங்கதான் ஞாபகம் வந்தீங்க. வாசல்ல மாட்டி வைங்க.” பிறகு மகளிடம் ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டாள். மகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாது. அடுப்புக்குப் பக்கத்தில் அந்தப் பீங்கான் ஓட்டைச் சுவரோடு சாய்த்து வைத்தேன். அடுத்த நாள் காலை மகள் பருப்புச் சட்டியை இறக்கினாள். வைக்க இடம் தேடினாள். அந்தப் பீங்கான் ஓட்டை எடுத்து, எழுத்து கீழே போகும்படி மேசையில் கவிழ்த்து, அதன்மேல் சட்டியை வைத்தாள்.

“இதுக்கு நல்லாயிருக்கு அப்பா. சுடாது.”

சட்டைக் கையில் பட்டிருந்த மஞ்சளைக் கழுவிவிட்டுப் பையை எடுத்தாள். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, “போறன்,” என்றாள்.

மனைவி இப்போது திருத்துவதில்லை. அடுப்பைத் துடைத்தபடி, திரும்பிப் பார்க்காமல், “வா,” என்றாள். கதவு அதற்கு முன்பே சாத்தியிருந்தது.