ஏரிக்கரை வழியாகக் கூட்டிப்போன கன்னியப்பன்

உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர் யார் வந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்கினதும் கன்னியப்பன் கையில்தான் சிக்குவார்கள். கல்வெட்டுக் கோயில், பெருமாள் கோயில் எல்லாம் காட்டுவான், கொடுத்ததை வாங்கிக்கொள்வான். வெறுமனே ஒரு வீட்டுக்கு வழி கேட்டவரைக்கூடக் கடைத்தெரு வழியாகக் கூட்டிப்போக மாட்டான். ஏரிக்கரைமேல் ஏற்றி, மதகு மதகாகக் காட்டி, ஊரைச் சுற்றித்தான் கொண்டுபோய் விடுவான். கேட்டால் இதுதான் குறுக்கு வழி என்பான்.

பெண்டாட்டி பாஞ்சாலி போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கென்று இருந்தது ஒரே மகள் அம்முலு. அவளும் திருமுக்கூடல் வீராசாமியைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். மூன்று வருஷமாக அப்பன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பாஞ்சாலியின் தம்பி சடையப்பன்தான் போக வர இருந்தான்.

எழுபத்தேழு ஐப்பசி. ஏரி நிரம்பி வழிந்தது. ஒன்பது மணி பஸ்ஸில் இருசப்பன் என்கிற ஆள் இறங்கி, சடையப்பன் வீட்டைக் கேட்டான். வந்தவன் சாவுச் சேதிக்காரன். காய்ச்சலில் கிடந்த அம்முலு விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டாள். அவர்கள் வகையறாவில் முதல் சேதி தாய்மாமனுக்கு. அதையும் வாசலில் நின்றுதான் சொல்ல வேண்டும், வழியில் வாய் திறக்கக் கூடாது. எதிரில் நிற்பவன் செத்தவளின் அப்பன் என்று இருசப்பனுக்கு எப்படித் தெரியும்?

"சீக்கிரம் போவணும்ண்ணா. பத்து மணி வண்டியப் புடிக்கணும்."

"அட, காலு சுடுதா உனுக்கு? ஏரி ரொம்பி நாலு வருஷம் ஆச்சி நைனா. பாக்காத போவியா?"

கரைமேல் நடந்தார்கள். இருசப்பன் தண்ணீரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"இன்னாய்யா, மாமியாரு வூட்டுக்குப் போற மாப்ள மாரி உம்முன்னு வர? இந்த மதகப் பாரு!"

"இன்னும் எம்மாந் தூரம்ண்ணா?"

"தோ, வந்துட்ச்சி."

வாசலில் சடையப்பனைப் பார்த்ததும் இருசப்பன் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டினான். "அம்முலு பூட்ச்சிண்ணா. ஆத்துல தண்ணி ஏறிக்கினு கீது. சுடுகாட்டு வழி முழுவறதுக்குள்ள எடுத்துடணும். பொறந்த வூட்டுப் பொடவையோட உடனே வாங்க."

கன்னியப்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். சடையப்பன் அவனைத் தூக்கி நிறுத்தி இழுத்துக்கொண்டு ஓடினான். பத்து மணி வண்டி போய்விட்டிருந்தது. அடுத்தது இரண்டு மணிக்கு.

திருமுக்கூடலில் இறங்கியபோது எல்லாம் முடிந்து, வீராசாமி தலைமுழுகி ஈரத்தோடு நின்றான்.

"சடையப்பன் மாமன் எப்டியாவது உங்கள இஸ்துக்கினு வந்துடுவாருன்னு ரோட்டாண்டயே நின்னேன் மாமா. பத்து மணி வண்டில வந்துடுவாங்க, மொகத்த மூடாதீங்கன்னு சொல்லிக்கினே இருந்தேன். சுடுகாட்டு வழில தண்ணி ஏறவும் பெரியவங்க தூக்கிட்டாங்க."

"வண்டி கெடைக்கல" என்றான் கன்னியப்பன்.

கூடவே வந்திருந்த இருசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.