எஸ்தர் மேடமும் கோவளத்து நீல சைக்கிளும்

போன வியாழக்கிழமை காலையில் பட்டறையில் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். போன் விடாமல் அடித்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் முதலில் எடுக்கவில்லை. கடைசியில் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். எஸ்தர் மேடத்தின் தம்பி பேசினார். "அக்கா போய்ட்டாங்க தனசேகர். தூக்கத்துலயே."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். முந்தின நாள் சாயங்காலம்தான் என் பட்டறைக்கு வந்து, டீயில் சர்க்கரை போட்டதற்காக என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போனார். "உங்க உடம்பு உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க, டோட்டல் லாஸ்னு எழுதிடறேன்" என்றார். அப்படிச் சொன்னவர் எனக்கு முன்னால் கிளம்பிவிட்டார். இது என்ன நியாயம்?

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்தர் மேடம் செங்கல்பட்டில் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, எது இந்த விபத்தில் உடைந்தது, எது பழைய உடைசல், வண்டிக்கு என்ன வயது என்று எழுதிக் கொடுக்கும் வேலை. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில், ஊரார் வயலில் கூலிக்கு நட்டுப் பிழைத்த வீட்டில் பிறந்தவர். டிப்ளமா படித்து இந்த வேலைக்கு வந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் கவிழ்ந்து கிடக்கும் லாரிக்கு அடியில் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு ஊர்ந்து போகிற பெண்மணியை நீங்கள் பார்த்திருந்தால், அது அவர்தான்.

எங்கள் முதல் சந்திப்பே சண்டை. ஒரு கார்க்காரர் முன் பம்பரும் பின் கதவும் ஒரே விபத்தில் போனதாகச் சொல்ல, அதை நம்பி நானும் எஸ்டிமேட் போட்டிருந்தேன். மேடம் வந்தார். கதவின் நெளிசலில் விரலை விட்டுத் துழாவி, என் வெள்ளைக் கைக்குட்டையை வாங்கித் துடைத்தார். குட்டை காவியாகிவிட்டது.

"தனசேகர், இரும்பு ஒரே ராத்திரியில நரைக்காது" என்றார்.

"என் கைக்குட்டைதான் கிடைச்சுதா மேடம்?" என்று எகிறினேன்.

"ஏமாந்தது நீங்கதானே. சாட்சியும் உங்க கிட்டயே இருக்கட்டும்."

அந்தக் கார்க்காரர் என்னையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருந்தார். அதிலிருந்து எலியும் பூனையுமாக இருந்தோம். அப்புறம் நண்பர்கள் ஆனோம். எப்போது ஆனோம் என்று கேட்டால் தெரியாது. சண்டை மட்டும் கடைசிவரை நிற்கவில்லை.

ஓய்வு பெற்றதும் ஊரில் எல்லோரும் காசி, வேளாங்கண்ணி என்று கிளம்புவார்கள். மேடம் சைக்கிளில் கிளம்பினார். வளைந்த கைப்பிடி வைத்த ரோடு பைக் ஒன்றைப் பழையதாக வாங்கி, விடிந்தால் கொளவாய் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சுற்று. வெறுமனே ஓட்டுவதோடு நின்றிருந்தால் அது எஸ்தர் மேடமா? பழைய வெளிநாட்டு சைக்கிள்களின் வயதையும் மாடலையும் கண்டுபிடிக்கும் பித்து பிடித்துக்கொண்டது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் அவருக்குப் படம் அனுப்பிக் கேட்பார்கள். நேரம் பார்க்காமல் பதில் சொல்வார். விலை என்ன போகும் என்று கேட்டால் மட்டும் போனை வைத்துவிடுவார்.

எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன பிறகு என்னையும் இழுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் லோடு வண்டியில் இரண்டு சைக்கிளையும் ஏற்றி மாமல்லபுரம் வரை போவோம். அங்கிருந்து ஈ.சி.ஆரில் கோவளம் வரை மிதிப்போம். அவர் மிதிப்பார், நான் மூச்சு வாங்குவேன்.

அப்படி ஒரு ஞாயிறு கோவளத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நீல சைக்கிளைப் பார்த்தோம். வலை உலர்த்தும் இடத்தில், ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. படகுக்கு அடிக்கிற பெயிண்டை அப்படியே அப்பியிருந்தார்கள். பெயர் இல்லை, ஸ்டிக்கர் இல்லை. மேடம் டீயை வைத்துவிட்டு எழுந்தார். குழாய்கள் சேரும் மூட்டுகளை விரலால் தடவினார்.

"தனசேகர், இந்த மூட்டு வேலையைப் பாருங்க. இது நம்ம ஊர் பிரேம் இல்ல."

உள்ளிருந்து எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். ரோசி அக்கா. மேடம் சொன்னது காதில் விழுந்துவிட்டது. "நெசமாவா சொல்றீங்க?" என்று கேட்டபோதே குரல் உடைந்துவிட்டது.

விஷயம் இதுதான். ரோசி அக்காவின் கணவர் அந்தோணி காலமாகிக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகிறது. முதல் பிள்ளை ஸ்டெல்லா பிறந்த சமயம், மாமல்லபுரம் கடலில் இழுத்துக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரரைக் கட்டுமரத்தில் ஏற்றிக் கரை சேர்த்ததாகவும், அவர் ஊருக்குப் போகும்போது தன் இத்தாலி சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போனதாகவும் அந்தோணி சொன்னார். பார்த்தவர் யாரும் இல்லை. ரோசி அக்காவே பிரசவத்துக்குச் சதுரங்கப்பட்டினத்தில் தாய் வீட்டில் இருந்தார். தெரு பார்த்ததெல்லாம் அந்தோணி மாமல்லபுரத்திலிருந்து புது சைக்கிளில் வந்து இறங்கியதைத்தான். அன்றைக்கு ஆரம்பித்தது. 'புளுகு அந்தோணி' என்று பெயர். கோபம் வந்தால் 'திருட்டு சைக்கிள் வூடு' என்பார்கள். சாகும்வரை அந்தப் பெயர் போகவில்லை. முதலாமாண்டு பூசை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இத்தினி வருசம் குடும்பம் பண்ணேன். அந்த ஆளு என்னாண்ட பொய் சொன்னாரா, இல்லியா? எனக்கு வேற ஒண்ணும் வாணாம்மா" என்றார் ரோசி அக்கா.

"அவர் நல்லவரா கெட்டவரான்னு சொல்ல நான் வரல. சைக்கிள் என்ன சொல்லுதோ அதச் சொல்றேன். சாதகமா இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க" என்றார் மேடம். அவர் குணம் அது.

தெரு கூடிவிட்டது. முன்வரிசையில் அந்தோணியின் தம்பி சூசை. 'புளுகு' என்ற பட்டத்தை அண்ணனுக்குச் சூட்டியவரே அவர்தான். "இன்னாத்த பாப்பீங்க? பெடல் அச்சைக்கூட எந்த மெக்கானிக்காலும் தொறக்க முடியல. துருவேறி ஜாமாகிக் கீது" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்து வந்து, வலது பக்கம் அச்சைப் பிடித்திருக்கும் கப்பில் மாட்டி, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். கப்பு அசையவில்லை. என் முதுகுதான் அசைந்தது.

மேடம் சிரித்துவிட்டார். "தனசேகர், நீங்க திறக்கல. இறுக்கிட்டு இருக்கீங்க."

நம் ஊர் சைக்கிளில் அந்த வலது கப்புக்கு மட்டும் மரை தலைகீழாக இருக்கும். எதிர்ப்பக்கம் திருப்பித்தான் கழற்ற வேண்டும். நம் கைக்கு அது பழகிவிட்டது. இத்தனை வருடம் கோவளத்து மெக்கானிக்குகள் எல்லோரும் அந்தப் பழக்கத்தில் முறுக்கு முறுக்கென்று முறுக்கி, கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள்! மேடம் டீசல் ஊற்றி ஊறவிட்டு, சாதாரண ஸ்க்ரூவைக் கழற்றுவதுபோல மறுபக்கம் திருப்பச் சொன்னார். கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் ஒரே திருப்பு. இப்படிச் செய்யறது இத்தாலிக்காரன், இல்லன்னா பிரெஞ்சுக்காரன்." வெர்னியர் வைத்து, பெடல் அச்சு உட்காரும் குழாயின் அகலத்தை அளந்தார். "பிரெஞ்சுன்னா ரெண்டு மில்லி குறையும். இது இத்தாலி."

தெருவே கை தட்டியது. ரோசி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். சூசை விடுவாரா? "செரி, எந்த வருசத்து வண்டி? ஸ்டெல்லா பொறந்தது எழுபத்தேழு."

மேடம் குனிந்து, பெடலைத் தாங்கும் கிராங்கின் உள்பக்கத்தைத் துடைத்தார். சின்ன வட்டம், அதற்குள் ஓர் எண். வட்டம் போட்டிருந்தால் எண்பதுகளில் செய்தது. உள்ளே இருப்பது வருடத்தின் கடைசி இலக்கம். நிமிர்ந்து, கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "எண்பத்து நாலு."

"பாத்தீங்களா! எழுபத்தேழுல எப்டி குடுப்பான்? எங்கண்ணன் எங்கியோ அட்ச்சிக்கினு வந்ததுதான்!" என்று சூசை தொடையில் தட்டினார். தெரு சிரித்தது. ரோசி அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு மேடத்தின் மேல் ஆத்திரமாக வந்தது. "கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்" என்றேன். "வண்டி சொல்லுது. நான் என்ன பண்ண?" என்றார்.

இரண்டு மூன்று நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. அப்போதே நெஞ்சில் பிடிப்பு இருந்திருக்கிறது. டாக்டர் எங்கும் அலையக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். எனக்கும் ரோசி அக்காவுக்கும் அது பிறகுதான் தெரியும். கோவளத்தில் போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"பிரேம்ல நீலத்துக்கு அடியில பச்சை தெரியுது பாருங்க. கிராங்க்ல பச்சையே இல்ல. நீலம் மட்டும்தான்."

"அதனால?"

"அதனால கிராங்க் பின்னாடி வந்தது. நான் கிராங்கைக் கேட்டேன், பிரேமைக் கேட்கல. இன்ஜின் மாத்தின வண்டிக்கு இன்ஜின் வருஷத்தையா எழுதுவேன்? டிரெய்னி பண்ற தப்பு, தனசேகர். ஒரு பொம்பளையைத் தெருவுல நிக்க வெச்சுட்டேன்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லி, "போன் போட்டு ரோசிக்காகிட்ட சொல்லிடலாம்" என்றேன். முறைத்தார். "தெருவுல சொன்னதைத் தெருவுலதான் திருப்பி எடுக்கணும். போன்ல சொன்னா ரோசிக்கு மட்டும்தான் கேட்கும்."

அடுத்த ஞாயிறு போனோம். இந்த முறை அவர் சைக்கிள் எடுத்துவரவில்லை. என் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தே வந்தார். தெரு மறுபடியும் கூடியது. ஆரம்பமே இப்படி: "போன வாரம் நான் சொன்ன வருஷம் தப்பு. முழு வண்டியையும் பார்க்காம வாயை விட்டுட்டேன்."

பின்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். அளவுகோலைச் சூசை கையிலேயே கொடுத்து, சக்கரம் உட்காரும் இடைவெளியை அளக்கச் சொன்னார். "பன்னெண்டு சென்டிமீட்டர்" என்றார் சூசை. "எண்பத்து நாலுல செஞ்சிருந்தா பன்னெண்டரைக்கு மேல இருக்கணும். இது அஞ்சு கியர் காலத்து பிரேம். ஸ்டெல்லா பிறக்கிறதுக்கு முன்னாடியே பிறந்த வண்டி." பிறகு பெயிண்டைச் சுரண்டினார். பச்சை வந்தது.

"சூசை, உங்க அண்ணன் முதல்ல வெச்சிருந்த படகு என்ன கலர்?"

சூசை சுரண்டின இடத்தைக் குனிந்து பார்த்தார். "பச்சை. நாங்க ரெண்டு பேருந்தான் பெயிண்ட் அட்ச்சோம்."

"அந்தப் பச்சைதான் இது. பச்சை அடிச்ச பிறகு, எண்பத்து நாலிலோ அதுக்கப்புறமோ, யாரோ இத்தாலி கிராங்க் ஒண்ணைக் கொண்டாந்து மாட்டியிருக்காங்க. அப்போ அது மெட்ராஸ்லயே கிடைக்காது. யார் மாட்டினது?"

கதவோரம் நின்றிருந்த ரோசி அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். "அவருதாம்மா. அந்த வெள்ளக்காரரு. ரெண்டாந்தரம் மாபலிபுரத்துக்கு வந்தாராம். மிதிகால் உப்புல அரிச்சுப் போச்சின்னு புதுசு போட்டுத் தந்துட்டுப் போனாராம். கடக்குட்டி பொறந்தப்ப, நான் அம்மா வூட்ல இருந்தேன். வந்து சொன்னாரு. ஒரு புளுகு பத்தாதா, வாய மூடுன்னுட்டேன். அப்பறம் அவரு அதப்பத்திப் பேசவேயில்ல."

மேடம் சூசையைப் பார்த்தார். "சைக்கிளைத் திருட்டு கொடுத்தவன், கடல் தாண்டி வந்து அதுக்குச் சாமான் மாட்டிவிட்டுப் போவானா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சூசை அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, அண்ணியின் பக்கம் போய் நின்றார். ரோசி அக்கா சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "சொன்னியே... சொன்னியேய்யா" என்று அழுதார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மேடம் மட்டும் வெர்னியரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

இருக்கைக்குக் கீழே பெயிண்டைக் கரைத்தபோது பொறித்த எழுத்துகள் தெரிந்தன. எந்தப் பட்டறை, எந்த மாடல் என்றும் மேடம் கண்டுபிடித்தார். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே ரோசி அக்கா வாசலில் வியாபாரிகள் வந்து நிற்பார்கள்.

வெள்ளிக்கிழமை அடக்கம். செங்கல்பட்டு வீட்டின் முன் பந்தலில் கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் பேசினார். "சர்வீஸ் முழுக்க ஒரு தப்பும் செய்யாதவர்" என்று உருக்கமாகச் சொன்னார். எல்லோரும் தலையசைத்தோம். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இல்லீங்கய்யா. எங்க வூட்டாண்ட ஒண்ணு செஞ்சாங்க."

ரோசி அக்கா எழுந்து நின்றிருந்தார்.

"செஞ்சிட்டு, நெஞ்சு வலியோட திரும்பி வந்து, அதே தெருவுல நின்னுகினு தப்புன்னு சொன்னாங்க. அதாலதான் எங்க வூட்டுக்காரரு இன்னிக்கி யோக்கியரு. அத்த வுட்டுட்டுப் பேசாதீங்க."

பெரியவர் மைக்கைக் கீழே வைத்தார். வெளியே, சுவரோரம், நீல சைக்கிள் நின்றது. வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பெட்டி கிளம்பியபோது சூசை அதை எடுத்தார். ஏறி ஓட்டவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசல்வரை, வண்டிக்குப் பின்னால் உருட்டிக்கொண்டே நடந்தார்.

போய் வாருங்கள் மேடம். உங்களைப் பற்றி நான் இங்கே ஏதாவது தப்பாக எழுதியிருந்தால், எழுதிய இடத்திலேயே திருத்திக்கொள்கிறேன்.