நடு வரிசையில் ஓர் இடம்

நர்சம்மாவின் அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. குன்னூருக்கு மேலே, வெள்ளைக்காரத் துரையின் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில், தலைவலி மருந்துக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாடி பார்த்தவர் கையை விடாமலே, "அம்மிணி, செத்துப் போயிரலாம்னு தோணுதா?" என்றார். மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர் பதறிப்போனார். "ஏனுங்க, இப்படிக் கேட்டா இல்லாத நெனப்பெல்லாம் வந்துருமுங்க." வருவதாவது! அந்த நினைப்பு என்னோடு குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். அழுது முடித்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த வருஷம் அது. எங்கள் மேஸ்திரி நல்ல மனிதர். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கெடுத்துவிட்டார். துக்கக்காரியை யாரும் தொந்தரவு செய்யக் கூடாதென்று, கொழுந்து பறிக்க என்னை மட்டும் ஆளரவமற்ற மேட்டு ஓரத்து வரிசைக்கு அனுப்பினார். நாள் முழுக்க மூடுபனியும் நானும்தான். சாவு நினைப்புக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

நர்சம்மா என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, கஞ்சி கொடுத்து, தூங்கவைத்து, தினமும் அதே கேள்வியைக் கேட்டார். பிறகு நேரே துரையிடம் போய் நின்றார். "காய்ச்சல்காரிக்கு லீவு தர்றீங்க. இதுவும் நோவுதானுங்க துரை. இவளைத் தனியா வேலைக்கு விடாதீங்க" என்றாராம். துரை முகம் சிவந்தாலும் தலையாட்டிவிட்டார்.

நான் வேலைக்குத் திரும்பியபோது மேஸ்திரி என்னை நடு வரிசையில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் ஊர்ப்பட்ட வாயாடிகள். மாமியார் கதை, கோழி திருட்டுப்போன கதை என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. எரிச்சலில்தான் முதலில் பதில் பேசினேன். பேச்சு வளர்ந்து, ஒருநாள் மேஸ்திரியின் மீசையைப் பற்றி நானே ஒரு கதை கட்டிவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தேன். "அங்க என்ன சிரிப்பு?" என்று அதட்டிக்கொண்டு ஓடிவந்தவர், சிரித்தது நான் என்று கண்டதும் தலைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசு மறுபடி இருண்ட நாட்களும் உண்டு. அன்றெல்லாம் மறைக்காமல் நர்சம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

இப்போது எனக்குத் தலை முழுக்க நரை. துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஆனால் நான் ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது அந்தக் காலத்தில் ஒரு காலை வேளையில்தான். பிள்ளையைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி வேலைக்கு வந்தாள். யாரும் சொல்லாமலே மேஸ்திரி அவளை என் பக்கத்து வரிசைக்குக் கூட்டிவந்தார்.

"இங்கயே நில்லு ஆத்தா. இந்தப் பொம்பள வாயை மூடவே மாட்டா."

அவர் பேச்சை நான் காப்பாற்றினேன்.