ஆறு மணித்தியாலம் மிதந்த விமானம்

ஒன்பது வயதில் எனக்கு இரண்டு விஷயங்கள் நன்றாகத் தெரியும். எங்கள் பின்கதவுத் திறப்பைப் பூட்டில் போட்டு, கொஞ்சம் மேலே தூக்கித்தான் திருப்ப வேண்டும் என்பது ஒன்று. நூறு வருடங்களுக்கு முன்னால் கடலிலிருந்து கிளம்பிப் பந்தயத்தில் பறந்த விமானங்களைப் பற்றியது மற்றது. முதலாவதை அம்மா சொல்லித்தந்தார். இரண்டாவதை நானே தேடிக்கொண்டேன், செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால்.

எங்கள் வீடு சிட்னியில், செவன் ஹில்ஸில் இருந்தது. அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் ஆலையில் வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில், அதுவும் மத்தியானத்திலிருந்து இரவு வரை. நான் பள்ளிக்கூடம் விட்டு மூன்றரைக்கு வந்தால் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். பிள்ளையைத் தனியே விட்டிருக்கிறார்கள் என்று அயலாருக்குத் தெரியக்கூடாது என்பதால் தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்க எனக்கு அனுமதி இல்லை. தொலைபேசி மட்டும் அலறும். ஆலை இரைச்சலில் காது மந்தமாகிவிட்ட அப்பாவுக்காக அதன் ஒலியை உச்சத்தில் வைத்திருந்தோம். மறுமுனையில் பேசுவது அடுத்த அறைக்கும் கேட்கும்.

அந்தப் புத்தகத்தை நூலகத்தில், வேண்டாதவர்கள் விட்டதை வேண்டியவர்கள் எடுத்துப்போகலாம் என்று வாசலில் வைத்திருந்த தள்ளுவண்டியிலிருந்து எடுத்தேன். கறுப்பு வெள்ளைப் படங்கள். சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நீண்ட மிதவைகளை மாட்டிக்கொண்டு நிற்கும் ஒல்லியான விமானங்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே வேகமாகப் போனவை அவைதானாம். ஒரு பிரெஞ்சுப் பணக்காரர் கோப்பை ஒன்றை ஏற்படுத்த, அதற்காக நாட்டுக்கு நாடு அடித்துக்கொண்டு இத்தாலியிலும் இங்கிலாந்திலும் கடலோரமாகச் சுற்றிச் சுற்றிப் பறந்திருக்கிறார்கள். ஒரு வருடம் எதிராளிகள் யாரும் வந்து சேராததால் ஒரே நாடு தனியாகப் பறந்து கோப்பையை வாங்கிக்கொண்டதாகவும் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை அடிக்கடி திறந்து பார்ப்பேன். தனியாக இருப்பதற்கும் ஒரு கோப்பை இருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

அந்த வருடம்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. படகில் வந்து, தடுப்பு முகாமில் பல மாதம் இருந்து, ஒரு துணிப்பையுடன் எங்கள் வாசலில் வந்து நின்றார். வழக்கு முடியும்வரை நாட்டில் இருக்கலாம், ஆனால் வேலை செய்யக்கூடாது என்று அவருடைய தாளில் போட்டிருந்தது. பருத்தித்துறையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்திக்கொண்டிருந்த மனிதர். சும்மா இருக்கத் தெரியாதவர். வந்த இரண்டு வாரத்தில் ஒழுகிய குழாய், ஆடிய மேசை, சரியாக மூடாத அலுமாரி எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார். பின்கதவுப் பூட்டையும்கூட. மூன்றாவது வாரம் திருத்த ஒன்றும் மிஞ்சவில்லை. பின்முற்றத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போட்டு அதில் இருக்கத் தொடங்கினார்.

எனக்கோ கொண்டாட்டம். மூன்றரைக்குக் கதவைத் தட்டினால் திறக்க ஒரு ஆள். தேநீர், பிஸ்கட், "இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில என்ன புதினம்?" என்று ஒரு கேள்வி. அரசாங்கம் மாமாவுக்கு வேலை செய்யும் அனுமதி கொடுக்காததை எனக்குச் செய்த தனிப்பட்ட உதவியாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

மாதம் ஒருமுறை அப்பாவின் காரில் ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போவோம். அம்மா மாமாவின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்து, அவருக்கு நல்ல கடிதம் வரவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நான், அந்தக் கடிதம் வரவே கூடாது என்று அதைவிட இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். பெருமாள் இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே தட்டில் வாங்கிக்கொண்டார்.

ஒருநாள் மாமா என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, பிளேனுக்குக் கீழ ரெண்டு வள்ளத்தைக் கட்டி விட்டிருக்கிறாங்கள்?"

அன்றிலிருந்து நான் ஆங்கிலத்தில் வாசித்து எனக்குத் தெரிந்த தமிழில் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். மிதவையின் அடிப்பாகம் ஏன் படிபோல வெட்டியிருக்கிறது என்று நான் விளங்காமல் தடுமாறியபோது, தண்ணீர் ஒட்டிக்கொண்டு விடாதாம், அதை உதறத்தான் அப்படி என்று படத்தைப் பார்த்தே சொன்னார். பந்தய விதிகளில் ஒன்று மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டது. பறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு விமானமும் ஆறு மணி நேரம் தண்ணீரில் கட்டப்பட்டு நிற்க வேண்டும். மூழ்கினால் போட்டியில் இல்லை. அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்.

"சரியான சட்டம். முதல் மிதந்து காட்டு, பிறகு பற எண்டுறாங்கள்."

நாங்களும் ஒன்று செய்வதென்று முடிவாயிற்று. மீன்கடையில் வீசிய வெள்ளை நுரைப்பெட்டியில் உடலும் மிதவைகளும். உடைந்த யன்னல் மறைப்பின் சட்டங்களில் குறுக்குத் தடிகள். இறப்பர் பட்டியை முறுக்கிவிட்டால் சுற்றும் விசிறியை மாமா பழச்சாற்றுப் போத்தலை வெட்டிச் செய்தார். இத்தாலிக்காரர்களின் விமானம் சிவப்பு என்று எழுதியிருந்ததால் நான் அம்மாவின் நகப்பூச்சைக் கொண்டுவந்து இறக்கையில் பூசினேன். பூசப் பூச இறக்கை கரைந்து ஓட்டை விழுந்தது. மாமா முதலில் திகைத்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. புது இறக்கைக்குச் சிவப்பு நாடா ஒட்டினோம்.

சோதனை தை மாதக் கோடை விடுமுறையில் நடந்தது. தெருவோரம் யாரோ எறிந்திருந்த, குழந்தைகள் குளிக்கும் சிப்பி வடிவத் தொட்டியை மாமா ஓட்டை அடைத்து நீர் நிரப்பினார். விமானத்தை நூலால் ஒரு செங்கல்லில் கட்டினோம். காலை ஒன்பது மணிக்குத் தொடக்கம், மூன்று மணிக்கு முடிவு. யாரும் தொடக்கூடாது. மாமா கதிரையைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் தலையைப் பிளந்தது. நான் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தேன். அவர் எழும்பவேயில்லை. சாப்பாட்டைக்கூடத் தட்டில் போட்டு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒன்று நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது.

வீட்டில் ஆங்கிலத் தொலைபேசியெல்லாம் என் பொறுப்பு. மாமாவின் விண்ணப்பங்களிலும் வீட்டு எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள், எடுத்துப் பேச நான் இருக்கிறேன் என்று. குசினி யன்னலுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தேன். ஒரு பெண் மாமாவின் பெயரைத் துண்டு துண்டாக உடைத்துச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டார். பரமட்டாவில் அகதிகளின் வழக்கை இலவசமாகப் பார்க்கும் அலுவலகம் அது. மாமா அங்கே பெயர் பதிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இன்று மூன்று மணிக்கு வரவேண்டிய ஒருவர் வரவில்லையாம். தாள்களுடன் உடனே புறப்பட்டு வந்தால் மாமாவின் விண்ணப்பத்தை இன்றே எழுதிவிடலாமாம். இல்லையென்றால் அவருடைய முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

யன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், மாமாவின் முதுகு தெரிந்தது. அதற்கப்பால் சிவப்பு விமானம் ஆடாமல் நின்றது. இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் இருந்தது.

சோதனை குழம்பிவிடும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை அல்ல. விண்ணப்பம் எழுதினால் அனுமதி வரும், அனுமதி வந்தால் வேலை வரும், வேலை வந்தால் மூன்றரைக்குக் கதவைத் திறக்க ஆள் இருக்காது என்கிற அளவுக்கு எனக்குக் கணக்குத் தெரியும். அவர் வீட்டில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எப்போது வருவார் என்று கேட்டார். தெரியாது என்றேன். சரி, அடுத்த ஆளைக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

"ஆர் பிள்ளை?" என்றார் மாமா, திரும்பாமல்.

"கரண்ட் கொம்பனி மாமா. தங்களிட்ட மாறச் சொல்லிக் கேக்கினம்."

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான் விமானத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் மறுபடி தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மணிக்கு நான் கத்திக்கொண்டு ஓடினேன். விமானம் கொஞ்சமும் தாழவில்லை. மாமா எழுந்து நின்று கைதட்டினார். இரண்டு பேர் மட்டும் இருந்த முற்றத்துக்கு அது நீண்ட கைதட்டலாக இருந்தது.

அதற்குப் பிறகு மாமா மாறினார். தினமும் காலையில் சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டார். தம்பி ஒருவழியாக மனம் தேறிவிட்டான் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். தன் துணிகளை எல்லாம் அடுக்கிப் பையில் வைத்து, பையைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தார். அறையைச் சுத்தமாக வைத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். முட்டை பொரிக்க, மின்சாரம் போனால் எந்த விசையைத் தட்டுவது என்று பார்க்க, ஒவ்வொன்றாக எனக்குக் காட்டித் தந்தார். வாசலில் கார் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்.

ஒரு சனிக்கிழமை விமானத்தைப் பரமட்டாவில் இருக்கும் ஏரிக்குக் கொண்டுபோனோம். இறப்பரை அவர் முறுக்குவார், நான் தண்ணீரில் வைப்பேன் என்பதுதான் ஏற்பாடு. அன்று அவர் கரையிலேயே நின்றுகொண்டார்.

"எல்லாத்தையும் நீயே தனியச் செய். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

செய்தேன். தண்ணீரைக் கீறிக்கொண்டு ஓடி, மிதவைகள் இரண்டும் மேலெழும்பி, ஒரு ஆள் உயரம்கூட இல்லை, மூன்று நான்கு விநாடி பறந்து கோரைப்புல்லில் போய்ச் செருகியது. போட்டிக்கு வேறு யாரும் இல்லாததால் நாங்கள்தான் முதலிடம். நான் துள்ளினேன். மாமா முகத்தைத் துடைத்தார். ஏரிக்காற்றில் கண் கலங்குவது எனக்கும் வழக்கம்தான்.

அலுவலகத்திலிருந்து மறுபடி அழைப்பு வர ஒன்பது மாதமாயிற்று. இந்தத் தடவை கடிதமாக வந்ததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு அனுமதி, பிறகு மெல்போர்னில் படகு எஞ்சின் திருத்தும் இடத்தில் வேலை. மாமா போனார். நான் மூன்றரைக்குத் திறப்பைப் போட்டு, பழக்கதோஷத்தில் மேலே தூக்கித் திருப்பினேன். அவர்தான் பூட்டைத் திருத்திவிட்டாரே, தூக்கத் தேவையில்லை என்பதைக் கை மறந்துவிட்டிருந்தது. அன்று வாசற்படியில் இருந்து அழுதேன்.

சென்ற வருடம் மெல்போர்னுக்குப் போயிருந்தேன். மாமாவின் தலை நரைத்துவிட்டது. அவருடைய சின்ன மகள் தொட்டியில் பிளாஸ்டிக் வாத்தை மிதக்கவிட்டு விளையாடிக்கொண்டிருக்க, பேச்சு தானாக அந்த விமானத்துக்குப் போயிற்று. மாமியிடம் என்னைக் காட்டி மாமா சொன்னார்.

"இவளுக்கு அண்டைக்கே பெரிய மனசு. ஒரு போன் வந்தது. கரண்ட் கொம்பனி எண்டு சொன்னவள். ஆனா அந்த மனுசி என்ர பேரைச் சொன்னது எனக்குக் கேட்டது. திரும்பிப் பாத்தா, இவள் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாள். எனக்கு விளங்கீட்டுது, கேஸ் முடிஞ்சுது, திருப்பி அனுப்பப் போறாங்கள் எண்டு. சொல்ல மனமில்லாமல் மறைக்குது சின்னப்பிள்ளை. நான் கேட்டு ஏன் அழப்பண்ணுவான்? பேசாமல் இருந்திட்டன்."

பிறகு அவர்கள் மனம் மாறிவிட்டார்கள் போல என்று சிரித்தார். அக்காவிடம்கூட மூச்சு விடவில்லையாம், வீணாக ஏன் அழுவா என்று. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன்.

"ஓம் மாமா," என்றேன்.

இப்போதும் அந்தத் தொட்டி எனக்குத் தெரிகிறது. நூலில் கட்டிய விமானம், வெயில், வெள்ளைக் கதிரை. ஒன்று நாற்பதிலிருந்து மூன்று மணி வரை அந்தக் கதிரையில் இருந்தவர், தன்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்ட பிறகும், என் சோதனை குழம்பக்கூடாது என்று எழும்பாமல் இருந்தார். ஒன்பது வயதில் எனக்கு அது தெரியாது. நேரம் முடிந்துவிட்டது மாமா, தாழவில்லை மாமா என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் எழுந்து நின்று கைதட்டினார்.